அறுபத்து மூன்றாவது குப்பி

முப்பத்தொன்று. மல்லேஸ்வரி அக்கா குப்பியின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து எடுக்கிறாள், குழல்விளக்குக்குக் கீழே கொண்டுபோய் மெல்ல ஒரு சுழற்று, கறுப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து விநாடி, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஐந்து விநாடி, பச்சைத் தட்டு. நான் என் தாளில் ஒரு டிக் போடுகிறேன். எடுத்த விதம் சரி, சுழற்றிய விதம் சரி, நேரம் சரி. அவளுக்கு மூன்றடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதுதான் இன்று காலை என் வேலை. வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தேர்வு. ஊசி மருந்துக் குப்பி நூறு, அதில் பன்னிரண்டில் குறை உண்டு, நாங்களே போட்ட குறை, சிலதில் நூலிழை, சிலதில் கண்ணாடித் துணுக்கு, சிலதில் மிளகாய் விதையில் நூறில் ஒரு பங்கு கறுப்புப் புள்ளி. எந்தெந்த எண் என்று என் தாளில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டில் பதினொன்றையாவது அவள் சிவப்புத் தட்டில் போட வேண்டும், நல்ல குப்பியில் மூன்றுக்கு மேல் சிவப்புக்குப் போகக்கூடாது. அப்படியானால் இன்னொரு வருடத்துக்கு அவள் இந்த விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்காரலாம். கீழே தமயந்தி, தர உறுதிப் பிரிவு என்று என் கையெழுத்து. போன வருடமும் நான்தான், அதற்கு முந்தைய வருடமும் நான்தான். இரண்டு முறையும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. முப்பத்திரண்டு, பச்சை. மாஸ்க்குக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக அடிக்கிறது, காலையில் கொருக்குப்பேட்டையில் ரயிலேறும்போது தின்ற வெங்காய தோசையின் வாடை. தொப்பிக்குள் நெற்றி அரிக்கிறது. சொறியக்கூடாது, இந்த அறையில் முகத்தைத் தொடக்கூடாது, தொட்டால் கையை மறுபடி கழுவ வேண்டும், கழுவப் போனால் பார்ப்பது விட்டுப்போகும். பார்க்கிறவள் பார்வையை எடுக்கக்கூடாது என்று நான் எழுதிய விதியே இருக்கிறது, ஐந்தாவது விதி. ஆறாவது விதி, தேர்வு நடக்கும்போது பேசக்கூடாது.

பேசாமல் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த விதியை எழுதும்போது தெரியவில்லை. அவள் காதோரம் தொப்பிக்கு வெளியே தெரிகிற நரை, வலது கட்டைவிரலில் பழைய கத்திக் காயம், குப்பியை வைக்கும்போது அதிகம் சத்தம் வராத அந்த நிதானம். பதினாலு வருடமாக வைக்கிறாள். இந்த வேலைக்கு வந்த புதிதில் என் அம்மா கேட்டாள், "வயல் பாக்கற வேலைங்கறியே, கும்மிடிப்பூண்டில ஏதுடி வயலு?" ஆங்கிலத்தில் குப்பிக்கு அந்தப் பேர் என்று சொல்லிப் புரியவைக்கப் போதும் போதுமென்றாகிவிட்டது. மல்லேஸ்வரி அக்காவிடம் அதைச் சொன்னபோது ஏளாவூரில் தன் வீட்டுக்குப் பின்னால் நிஜ வயலே இருப்பதாகவும், அதைப் பார்க்கத்தான் ஆளில்லை என்றும் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரம் வெளியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். வரதன் சார், என் மேலாளர், காலையிலேயே மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "மல்லேஸ்வரி ஷீட்ட மேல வை தமயந்தி, அதப் பாத்துட்டா மத்ததப் பாக்கவே மாட்டாங்க." பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எனக்கே அந்தத் தேர்வில் பதினொன்றுதான் வந்தது. அதை நான் பெருமையாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், எங்கள் ஆள் எங்களைவிடக் கெட்டி என்று. முப்பத்தேழு, பச்சை. அடுத்தது முப்பத்தெட்டு, தாளில் சிவப்பு வட்டம், நூலிழை. எடுத்தாள். கறுப்பு, ஐந்து. வெள்ளை, ஐந்து. ஆறு, ஏழு. சிவப்பு. அப்பாடா. ஏன் அப்பாடா? தேர்வு வைக்கிறவள் அப்பாடா என்று நினைக்கலாமா? ஆனாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஒரு படி இறங்கி ஏறுகிறது. என் பிள்ளை வாய்ப்பாடு சொல்லும்போது இருக்குமே, அதே மாதிரி.

நேற்றுகூடச் சொன்னாள் அஞ்சனா, ஏழாம் வாய்ப்பாடு, சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே கேட்டேன். ஏழெட்டு என்று நிறுத்தினாள், என் வாயையே பார்த்தாள், பார்த்துக்கொண்டே ஐம்பத்தாறு என்றாள். அவள் அப்பா பின்னாலிருந்து சிரித்தார். "நீ உதட்ட அசைக்கற, அது உன் மூஞ்சியப் பாத்துப் படிக்குது." நான் அசைக்கவே இல்லை என்று சண்டை போட்டேன். நீ திரும்பி உட்கார் என்றார். திரும்பி உட்கார்ந்து கேட்டேன். ஏழெட்டு? நாற்பத்தொன்பதா அம்மா? நாற்பத்தைந்தாவது குப்பி. அடுத்த வட்டம் இதுதான், கண்ணாடித் துணுக்கு. எடுத்துவிட்டாள், நான் கணக்கில் பின்தங்கிவிட்டேன், பேனாவை அமுக்கி முனையை வெளியே தள்ளுகிறேன், சிவப்பில் போட்டாள், டிக். பேனாவை ஏன் அமுக்கினேன்? முனை எப்போது உள்ளே போனது? பச்சைக்குப் போகும் வரிசையில் முனையை வெளியே வைத்துக்கொண்டே டிக் போட்டுக்கொண்டு போகிறேன், வட்டம் வருவதற்கு முன்னால் தாளை ஒருமுறை பார்த்து முனையை உள்ளே இழுத்து மறுபடி வெளியே தள்ளுகிறேன், டிக் டிக் என்று. எத்தனை வருடப் பழக்கமோ. பரீட்சையில் பெரிய கேள்வி வந்தால் பேனாவைத் தட்டுவேனே, அது. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. இருக்கட்டும். பேனாதானே. இந்த அறையில் ஏசிச் சத்தத்துக்கு நடுவில் அது யாருக்குக் கேட்கப்போகிறது. எனக்குக் கேட்டதே.

ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டில் வட்டம். இந்த முறை பேனாவைப் பார்க்காதே, அவளைப் பார். பேனா தானாக டிக் டிக் என்றது, கட்டைவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் குப்பியை வெள்ளைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள், பச்சைப் பக்கம் கை ஏற்கெனவே சாய்ந்திருந்தது. சத்தம் கேட்டதும் சாய்ந்த கை நின்றது, மறுபடி கறுப்புக்குப் போனது, ஒரு சுழற்று, சிவப்பு. எனக்கு முதுகில் வேர்த்தது, இருபது டிகிரியில் வேர்த்தது. இல்லை, அப்படியிருக்காது, சந்தேகம் வந்தால் இன்னொருமுறை பார்ப்பது எல்லாரும் செய்வதுதான், விதியிலேயே உண்டு. அடுத்த வட்டம் ஐம்பத்தொன்பது, வரட்டும். காலேஜில் மூன்றாம் வருடம் உப்பு ஆய்வில் எனக்குக் கொடுத்த வெள்ளைப் பொடி என்னவென்று இரண்டு மணி நேரமாகத் தெரியவில்லை, ஆய்வகத்து அட்டெண்டர் தூர நின்று காதைத் தடவினார், காதைத் தடவினால் காரீயம், அது தலைமுறை தலைமுறையாக வந்த சங்கதி. காரீயம் என்று எழுதினேன், ஐம்பதுக்கு நாற்பத்தாறு. அந்த மதிப்பெண்ணில்தான் இந்த வேலை, இந்த ஸ்டூல், இந்தத் தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் பின்னாலேயே நின்று என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என் கண் எங்கே போகிறது என்று அவர் பார்க்கவில்லை. நானும் இருபது நிமிடமாக, இரண்டு வருடமாக, கையைத்தானே பார்க்கிறேன். ஐம்பத்தொன்பது. இப்போது கண்ணைப் பார். குப்பி கறுப்புக்கு முன்னால் இருக்கிறது, அவள் கண் குப்பியில் இல்லை. குப்பியைத் தாண்டி, ஓரமாக, என் பக்கம். என் மாஸ்க்கில். நான் மூச்சைப் பிடித்திருந்தேன், மாஸ்க் உள்ளே இழுபட்டு உதட்டில் ஒட்டியிருந்தது. சிவப்பு.

ஐயோ.

அறுபது. அறுபத்தொன்று. என்ன செய்வது? தேர்வை நிறுத்தலாமா? எதைச் சொல்லி நிறுத்துவது, அவள் என்னைப் பார்த்தாள் என்றா? பார்ப்பது குற்றமா? ஒரு அறையில் இரண்டு பேர் இருந்தால் ஒருத்தியை ஒருத்தி பார்க்கத்தான் செய்வாள். எட்டு வட்டத்தில் எட்டும் சரி என்று தாள் சொல்கிறது. தாளைத்தான் தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், மாஸ்க்கை அல்ல. போன மாசி மாதம் அஞ்சனாவைக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் குப்பியில் ஊசியைக் குத்தப்போனாள், நான் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், "என்னம்மா, வைரமா தேடறீங்க?" என்றாள் நர்ஸ். எங்கள் குப்பிதான், எங்கள் லேபிள், எந்த மேஜையில் யார் பார்த்தது என்று எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம், நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மல்லேஸ்வரி அக்கா என்று வந்திருக்குமோ, வந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அஞ்சனாவின் கை அவ்வளவு சின்னது, ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி மணிக்கட்டையே சுற்றி வந்தது. அறுபத்திரண்டு, பச்சை. எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். அறுபத்து மூன்றில் வட்டம் கிடையாது, சுத்தமான குப்பி, நானே மூன்று முறை பார்த்து வைத்தது. அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் போகிற கூட்டம் மாதிரி நெஞ்சுக்குள் ஏதேதோ நெருக்கியடிக்கிறது. எடுத்தாள். கறுப்பு. இது தப்பு, தேர்வு வைக்கிறவள் பொய் சொல்லக்கூடாது, பேனாவாலும் சொல்லக்கூடாது. வெள்ளை. டிக் டிக்.

அவள் கை நின்றது. மறுபடி கறுப்பு. மறுபடி வெள்ளை. இவ்வளவு நேரம் எந்தக் குப்பியையும் அவள் பார்த்ததில்லை, இருபது விநாடி இருக்கும். போடாதே அக்கா, பச்சையில் போடு, ஒன்றுமில்லை அதில், தண்ணீர் மாதிரி இருக்கிறது, உன் கண்ணை நம்பு. சிவப்பில் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் பேனாவை மடியில் வைத்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூச்சு விட்டேன், நான்கு எண்ணி உள்ளே, நான்கு எண்ணி வெளியே, பிரசவத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த மாதிரி. எழுபத்தொன்றில் வட்டம், கண்ணாடித் துணுக்கு, இருப்பதிலேயே பெரியது, புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட விடமாட்டார்கள். பச்சைக்குப் போனது. அவள் அதை வைத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. இப்போது அவளைத் தோற்கடிப்பது யார், அவள் கண்ணா, அசையாமல் உட்கார்ந்திருக்கிற நானா? அசைந்தால் பாஸ், அசையாவிட்டால் ஃபெயில், அப்படியென்றால் இத்தனை வருடம் நான் தேர்வு வைத்தது யாருக்கு? மீதிப் பதினோரு பேர் இருக்கிறார்கள் இந்தப் பிரிவில், அத்தனை பேர் ஷீட்டிலும் என் கையெழுத்து, அத்தனை பேருக்கும் பக்கத்தில் இதே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்தெட்டு, கறுப்புப் புள்ளி, பச்சை. முடிந்தது, இரண்டு விட்டாயிற்று, இனி மிச்சம் எல்லாவற்றையும் பிடித்தாலும் அவள் தேறமாட்டாள். அது அவளுக்கும் தெரியும் என்று தோன்றியது, கை மெதுவாகிக்கொண்டே வந்தது. எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று. எண்பத்து நான்கைப் பச்சையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்காமல் இரண்டு கையையும் மேஜைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டாள். திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"மேடம், ஏன் பேனாவக் கீழ வெச்சிட்டீங்க?"

ஆறாவது விதி. என் வாயில் வந்தது வேறு. "எத்தன நாளாக்கா?"

"ரெண்டு வருஷம்." குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. "இடது கண்ணுல பாலாட மாதிரி படியுது. வலதுல பெருசு பெருசா இருக்கறது தெரியும், பொடிசு தெரியாது. மொத வருஷம் நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல மேடம். ஒரு வயலக் கையில வெச்சிக்கினு தெரியலயேன்னு தவிச்சேன், நீங்க டிக்குன்னீங்க. சாமியே சொன்ன மாதிரி இருந்துச்சு. அடுத்ததுக்கும் டிக்குன்னீங்க."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா சீட்டு எழுதுவாரு. சீட்ட இங்க குடுக்கணும். குடுத்தா வெளிய போகணும்." கையை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள். "வூட்டுக்காரரு விழுந்து மூணு வருஷமாப் படுக்கையில கெடக்கறாரு, உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவளை எதுவும் கேட்காமல் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம் போலிருந்தது. மடியிலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது, அவள் குனிந்து சத்தம் வந்த பக்கம் கையால் துழாவி எடுத்துக் கொடுத்தாள். "மத்த நாள்ல எப்படிக்கா பாத்த? நான் பக்கத்துல இல்லாத நாள்ல?"

"சந்தேகமா இருந்தா சிவப்புல போட்டுடுவேன். கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சாலும் சிவப்பு. தெரியாம ஒண்ணும் விடல மேடம்." நிறுத்தினாள். "விடலன்னுதான் நெனைக்கிறேன்."

மாதாந்திர அறிக்கையில் அவள் கழித்துப்போடுவது மற்றவர்களைப்போல இரண்டு பங்கு இருக்கும். அதைப் பார்த்து நான்தான் எழுதினேன், மிகவும் கண்டிப்பான பணியாளர் என்று. மே தினத்துக்குக் குக்கர் பரிசு கொடுத்தோம், வரதன் சார் கையால் வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றாள், அப்போதும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் ஒருபக்கமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், வெட்கம் என்று நினைத்தோம். சிவப்பில் போட்டது போனால் போகட்டும், நல்ல மருந்து வீணானால் கம்பெனிக்குத்தான் நஷ்டம். பச்சையில் போனது? இரண்டு வருடத்துப் பச்சை. ஏதோ ஊரில் ஏதோ ஜன்னலோரம், எந்தத் தாயும் தூக்கிப் பார்க்காத குப்பி. இப்போதே இந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அக்கா உனக்கு உடம்பு சரியில்லை, லீவு போடு, ஆபரேஷன் செய்துகொண்டு வா, யாருக்கும் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட முடியும். அந்த நினைப்பு எவ்வளவு இதமாக வந்தது. இரண்டு பேருக்கும் நல்லது. என் கையெழுத்தும் தப்பும். இரண்டு வருடத்துப் பச்சையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

"மிச்சம் பதினாறையும் பாத்துடறேன் மேடம்," என்றாள் அவள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. எனக்கே தெரியணும், எவ்வளவு தெரியுதுன்னு."

ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஐந்தாவது விதியும் போயிற்று. பச்சைத் தட்டு பிளாஸ்டிக், சிவப்புத் தட்டு அலுமினியம், சத்தத்திலேயே எங்கே போகிறது என்று தெரிந்தது. சொத் என்றால் பச்சை, இண் என்றால் சிவப்பு. எண்பத்தைந்து, எண்பத்தாறு சொத். எண்பத்தேழு இண், அது நல்ல குப்பி. எண்பத்தொன்பதில் வட்டம், வெகுநேரம் சத்தமே வரவில்லை, அவள் மூச்சு மட்டும் கேட்டது, சொத். திரும்பிவிடக்கூடாது என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். தொண்ணூற்று மூன்று இண், அதுவும் நல்லது. தொண்ணூற்றாறு, வட்டம், நூலிழை, இண். என்னையறியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, யார் உதவியுமில்லாமல் அதை அவளே கண்டுபிடித்திருந்தாள். அல்லது சும்மா போட்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டில் ஒன்பது, அதிலும் எத்தனை அவள் பார்த்தது, எத்தனை நான் பார்த்தது என்று பிரிக்க முடியாது. தகுதியில்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். குறிப்புகள் என்ற இடத்தில் வழக்கமாக ஒரு கோடு இழுத்து விட்டுவிடுவேன், இன்று அந்த இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். தேர்வாளரான எனக்குக் குறையுள்ள எண்கள் தெரிந்திருந்தன. என் பேனாவும் முகமும் அவற்றைக் காட்டிக்கொடுத்தன. அறுபத்து மூன்றில் நானே வேண்டுமென்று பொய்யாகக் காட்டினேன். சென்ற இரண்டு ஆண்டுகளில் நான் கையெழுத்திட்ட பன்னிரண்டு பேரின் தேர்வும் செல்லாது. எண்கள் தெரியாத வேறொருவர் மீண்டும் வைக்க வேண்டும். இந்தப் பணியாளர் பார்த்த இரண்டு ஆண்டுக் குப்பிகளில் ஆலையில் சேமித்து வைத்த மாதிரிகளை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், பணியாளருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று அவள் கையெழுத்து வேண்டும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வேலையும் போயிடுமா மேடம்?" என்றாள். "தெரியலக்கா." "எங்க போடணும்?" என்று கேட்டாள். கோட்டில் அவள் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். கு. மல்லேஸ்வரி என்று போட்டாள், கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறிப்போய்.

உள்போன் அடித்தது. வரதன் சார். "முடிஞ்சுதா? பன்னெண்டுதானே?" ஒன்பது சார் என்றேன். அவர் பக்கம் ஏதோ காகிதம் புரள்கிற சத்தம். "தமயந்தி, நல்லாக் கேளு. காலையில அவங்களுக்கு ஷிஃப்ட்டு டயர்டு. அந்த ஷீட்ட விட்டுடு, நாளைக்கு ஃப்ரெஷ்ஷா வேற ஷீட் போட்டுக்கலாம்." எவ்வளவு நியாயமாகச் சொல்கிறார். பத்து நிமிடத்துக்கு முன்னால் எனக்கு வந்த அதே நினைப்பு, இப்போது அவர் வாயில். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு சார். மேல கொண்டுவரேன்." போய் என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது, பேனாவிலிருந்தா, பாலாடையிலிருந்தா, இரண்டு வருடத்திலிருந்தா? அவர் கேட்கிற முதல் கேள்விக்கே நான் வாயடைத்து நிற்பேன், என்னைத் தெரியும் எனக்கு.

மல்லேஸ்வரி அக்கா பெட்டியின் விளக்கை அணைத்தாள், பலகை இரண்டையும் துணியால் துடைத்தாள், தட்டுகளை அடுக்கினாள், அதில் எதையும் விடவில்லை. மாஸ்க்கைக் கழற்றிக் கூடையில் போட்டாள். "நானும் வரேன் மேடம்," என்றாள். "எனக்குக் கண்ணு தெரியலன்னு நீங்க சொன்னா அவரு நம்பமாட்டாரு. நாளைக்கு வா, நாளன்னிக்கு வான்னுவாரு. நானே சொல்லிடறேன்." நீ வரவேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் அதற்குள் நடைபாதைக்குப் போய்விட்டாள். மாடிக்குப் பதினெட்டுப் படி. அவள் முன்னால் ஏறினாள், நான் தாளோடு பின்னால். வலது கை சுவரை ஒட்டியே போனது, ஒவ்வொரு படிக்கும் செருப்பு முனையால் விளிம்பை ஒருமுறை தட்டித் தெரிந்துகொண்டு அப்புறம்தான் பாதத்தை வைத்தாள், படி திரும்புகிற இடத்தில் நின்று காலால் தேடினாள். நான்கு வருடமாகத் தினம் இந்தப் படியில் அவளுக்குப் பின்னால் ஏறியிருக்கிறேன். வரதன் சார் அறை வாசலில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கதவைத் தட்டியது அவள்தான்.